நிறைந்துதான் இருக்கும்: எங்கள் வீட்டு செப்டிக் டேங்க்கைப் பழுது பார்த்த அனுபவம்

ஐப்பசி அடைமழை பிடித்த நான்காம் நாள் காலையில் அம்மாதான் முதலில் கவனித்தார். "கீழ் டாய்லெட்ல தண்ணி இறங்க மாட்டேங்குதுப்பா. மாடியில யாராவது தண்ணி ஊத்துனா இங்க குபுகுபுன்னு சத்தம் வருது." போய்ப் பார்த்தேன். பேசினில் தண்ணீர் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நின்றது. மெதுவாக, மிக மெதுவாக வடிந்தது.

எங்கள் வீடு மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1998இல் அப்பா கட்டியது. டெல்டாவின் களிமண் பூமி. கார்த்திகை மாதம் கிணற்றில் கயிறே தேவைப்படாது, குனிந்து சொம்பால் மொள்ளலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கோளாறில் பாதி இந்த மண்ணுக்குள்தான் இருந்தது.

பிளம்பர் தம்பி வந்தார். மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தினார். அடைப்பு எதுவும் தட்டுப்படவில்லை. ஒரு பாட்டில் ஆசிட் ஊற்றிப் பார்க்கலாமா என்றார், வேண்டாம் என்றேன். "அப்ப டேங்க் நிறைஞ்சிருக்கும்ணே, லாரியக் கூப்பிடுங்க" என்றார். லாரி வந்தது. மூடியைத் திறந்து குழாயை விட்டு அரை மணி நேரத்தில் உறிஞ்சிவிட்டார்கள். மூவாயிரத்து ஐந்நூறு லிட்டர் வந்ததாக டிரைவர் சொன்னார். பணத்தைக் கொடுத்துவிட்டு, இனி நான்கைந்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று நினைத்தேன்.

ஏழாம் நாள் மறுபடி குபுகுபு. மூடியைத் தூக்கிப் பார்த்தால், லாரி வருவதற்கு முன் எந்த மட்டத்தில் தண்ணீர் நின்றதோ அதே மட்டம்.

பக்கத்து வீட்டு மாமா சொன்னார்: "எங்க டேங்க் இருபது வருஷமா எடுத்ததே இல்ல. உங்களுதுல ஏதோ கோளாறு." கோளாறு இருந்தது உண்மைதான். ஆனால் "ஏழே நாளில் நிறைந்துவிட்டது" என்று நான் பதறியதுதான் தவறு. அதைப் புரிந்துகொள்ளவே எனக்குப் பத்து நாள் ஆனது.

செப்டிக் டேங்க் என்பது நிரம்பியதும் காலி செய்கிற தொட்டி இல்லை. அது எப்போதும் நிறைந்துதான் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஒரு பக்கம் பத்து லிட்டர் உள்ளே போனால் மறுபக்கம் பத்து லிட்டர் வெளியே போகும். அந்த இடைவெளியில் கழிவு குறைந்தது ஒரு நாளாவது அசையாமல் கிடக்க வேண்டும். கனமானது அடியில் சேறாகப் படியும். எண்ணெய்ப் பசை, கரையாதது எல்லாம் மேலே ஆடையாக மிதக்கும். நடுவில் நிற்கும் கலங்கல் நீர் மட்டும் வெளிக்குழாய் வழியாக உறைக்குழிக்கு, அதாவது ஓட்டை போட்ட சிமெண்ட் உறைகளை இறக்கிய குழிக்குப் போய் மண்ணில் ஊறும். அடியிலுள்ள சேற்றைக் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று குறைக்கும். ஆனால் முழுவதையும் அதனால் தின்ன முடியாது. மீதம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகும். அந்தச் சேற்றை எடுக்கத்தான் லாரி. தண்ணீரை எடுக்க இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்த லாரி தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போயிருந்தது.

டேங்க் காலியானால் ஒரு வாரம், பத்து நாளில் மட்டம் பழையபடி ஏறத்தான் செய்யும். அது தப்பில்லை. ஏறிய பிறகு வெளியே போக வழி இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

அன்று லாரி உறிஞ்சிக்கொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. டேங்கின் அந்தக் கோடியில், வயல் மடை திறந்தால் கேட்பதுபோல் சளசளவென்று. அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் யோசித்தபோதுதான் புரிந்தது, அது உறைக்குழியிலிருந்து தண்ணீர் திரும்பி டேங்குக்குள் வருகிற சத்தம். வெளிக்குழாயின் மட்டத்துக்கு மேலே உறைக்குழி ததும்பி நின்றிருக்கிறது. டேங்க் காலியானதும் பள்ளத்தைப் பார்த்துப் பின்னால் ஓடி வந்திருக்கிறது. லாரி எடுக்கும்போது உங்கள் வீட்டில் இந்தச் சத்தம் கேட்டால், கோளாறு டேங்கில் இல்லை, அதற்கு அடுத்த குழியில் இருக்கிறது என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

சரி, ஏழு நாளில் 3,500 லிட்டர் என்றால் நாளுக்கு 500 லிட்டர். எங்கள் வீட்டில் ஆறு பேர். ஆளுக்கு ஐந்து தடவை, தடவைக்குச் சராசரியாக ஏழு லிட்டர் என்று வைத்தால் 210 லிட்டர். குளிக்கிற தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் தனியாகத் தோட்டத்துக்குப் போகிறது. அப்படியானால் மீதி எங்கிருந்து வருகிறது?

முதல் சந்தேகம் ஃப்ளஷ் டேங்க் மேல் விழுந்தது. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை எடுத்து மாடி டாய்லெட்டின் ஃப்ளஷ் டேங்கில் பத்துச் சொட்டு விட்டேன். யாரும் ஃப்ளஷ் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், பேசினின் பின்சுவரில் நூல் கனத்துக்கு ஒரு நீலக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. வெறுமனே பார்த்தால் கண்ணுக்கே தெரியாத ஒழுக்கு. தண்ணீர் வரும் குழாயை மூடிவிட்டு, உள்ளே பென்சிலால் மட்டத்தைக் குறித்து ஒரு மணி நேரம் விட்டேன். இறங்கியிருந்த அளவை மறுபடி மக்கால் ஊற்றி நிரப்பியதில் நாலரை லிட்டர் பிடித்தது. நாளுக்கு 108 லிட்டர்! ரப்பர் வாஷர் ஒன்று விறைத்துப்போய் வாயை முழுசாக மூடாமல் இருந்ததுதான் காரணம். மிகச் சின்ன விலையில் தீர்ந்த விஷயம், எத்தனை மாதமாக ஓடியதோ.

இரண்டாவது, வாஷிங் மெஷின். மாடியில் வைத்தபோது பக்கத்தில் வேறு குழாய் இல்லையென்று அதன் கழிவுநீரை டாய்லெட் லைனில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடும், தடவைக்கு ஏறத்தாழ 140 லிட்டர். அளவை விட அது வருகிற வேகம்தான் பெரிய கெடுதல். மொத்தமாகக் கொட்டும்போது டேங்கில் படிந்த சேறு கலங்கி வெளிக்குழாய்க்கு ஏறிவிடும். நிதானமாகக் கிடப்பதுதான் அந்தத் தொட்டியின் வேலையே. மறுநாளே தனிக் குழாய் போட்டு அந்தத் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பினோம்.

இந்த இரண்டையும் அந்த 210 லிட்டரோடு கூட்டினாலும் நாளுக்கு 390 லிட்டருக்குப் பக்கத்தில்தான் வந்தது. மீதி, ஸ்லாப் இடுக்கில் இறங்கிய மழைத் தண்ணீரும் உறைக்குழியிலிருந்து பின்வாங்கி வந்ததும்.

அவசரத்துக்கு இது போதுமாக இருந்தது. உள்ளே போகிற தண்ணீர் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததும் குபுகுபு அடங்கியது. மழைக்காலத்தில் மேற்கொண்டு கை வைக்கவில்லை. நிலத்தடி நீர் தரைக்கு அரை ஆள் ஆழத்தில் நிற்கும்போது டேங்க்கை முழுதும் காலி செய்தால், வெளியிலிருந்து தண்ணீர் சுவரைத் தள்ளும். செங்கல் சுவரில் விரிசல் விழும். ஃபைபர் தொட்டியாக இருந்தால் மண்ணிலிருந்து அப்படியே மிதந்து எழும்பிவிடும். ஆகவே மாசிக்குக் காத்திருந்தோம்.

மாசியில் கிணற்றுநீர் பத்தடிக்குக் கீழே போன பிறகு வேலையைத் தொடங்கினோம். முதல் வேலை அளப்பது. பத்தடி மூங்கில் ஒன்றை எடுத்து, அடியிலிருந்து ஐந்தடி உயரத்துக்குப் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து இறுக்கிச் சுற்றிக் கட்டினேன். மூடியை நகர்த்திவிட்டுக் காற்றோட்டத்துக்காக அரை மணி நேரம் தள்ளி நின்றோம். பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது. உள்ளே மீத்தேன் இருக்கும். பிறகு மூங்கிலை நேராக, அடியைத் தொடும்வரை மெல்ல இறக்கி, மூன்று நிமிஷம் அசைக்காமல் பிடித்துவிட்டு, அதே நிதானத்தில் மேலே எடுத்தோம்.

துணியில் கோடு போட்டதுபோல் தெரிந்தது. அடியிலிருந்து 21 அங்குலம் வரை தார் பூசியது மாதிரி கெட்டிக் கறுப்பு, அதில் மணல்போல் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் வெறும் ஈரம். தண்ணீர் மட்டம் 54 அங்குலம். மேலே மிதந்த ஆடை தனியாக நான்கு அங்குலம் இருந்தது. சேறு மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் எடுக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 54இல் மூன்றில் ஒன்று 18. நாங்கள் அதைத் தாண்டி எவ்வளவு காலம் ஆயிற்றோ. கடைசியாக ஒழுங்காக எடுத்தது என் தம்பி கல்யாணத்துக்கு முன்னால், 2013இல்.

எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. செப்டிக் டேங்க் கட்டுவதற்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 2470. செரித்து மிஞ்சும் சேறு ஆளுக்கு நாளொன்றுக்கு 0.21 லிட்டர் என்று அது எடுத்துக்கொள்கிறது. வருஷத்துக்கு ஏறத்தாழ 77 லிட்டர். ஆறு பேருக்கு 460 லிட்டர். எங்கள் டேங்க் எட்டடி நீளம், நாலடி அகலம், நாலரை அடி நீர் ஆழம், அதாவது நாலாயிரம் லிட்டர் சொச்சம். அதில் மூன்றில் ஒரு பங்கு நிரம்ப மூன்று வருஷம். தமிழக அரசு 2014இல் வெளியிட்ட கழிவுச்சேறு மேலாண்மை வழிகாட்டுதலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை எடுக்கத்தான் சொல்கிறது.

பக்கத்து வீட்டு மாமாவின் இருபது வருஷத்தை இப்போது நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. எடுக்காத டேங்கிலும் சேறு வந்துகொண்டுதான் இருக்கும். ஒன்று, அது வெளிக்குழாய் வழியாக உறைக்குழிக்குப் போய் அதை அடைத்துக்கொண்டிருக்கும். அல்லது டேங்குக்கு அடித்தளமே போடாமல் விட்டிருப்பார்கள், எல்லாம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். எங்கள் பக்கம் செப்டிக் டேங்க் என்ற பெயரில் இருப்பவற்றில் பல, அடி பூசாத வெறும் குழிகள்தான். நிறையவில்லை என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது, அது பத்தடி தள்ளி இருக்கும் அடிபம்புக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கலாம். உறைக்குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது அதே ஐ.எஸ். 2470. எங்கள் வீட்டில் டேப் பிடித்துப் பார்த்தேன். உறைக்குழிக்கும் போருக்கும் (ஆழ்துளைக் கிணறு) 40 அடி, பன்னிரண்டு மீட்டர்தான். குடிப்பது கூட்டுக்குடிநீர் என்றாலும், அந்தப் போர்த் தண்ணீரில்தான் குழந்தைகள் வாய் கொப்பளிக்கிறார்கள். அன்றைக்கே அதை நிறுத்தினோம்.

லாரிக்கு இந்த முறை, கழிவு எடுக்கும் வண்டிக்கான உதவி எண் 14420க்குப் போன் செய்தேன். உள்ளாட்சியில் பதிவு செய்த வண்டி வந்தது. எடுத்ததை எங்கே கொட்டுவீர்கள் என்று டிரைவரிடம் நேராகவே கேட்டேன். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்றார், அங்கே இறக்கியதற்கான சீட்டையும் காட்டினார். இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும். மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழியில் 2017இல் தமிழகத்தின் முதல் கழிவுச்சேறு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அதன்பிறகு பல ஊர்களில் வந்திருக்கிறது. அப்படியிருந்தும் இருட்டினதும் வாய்க்காலில் திறந்துவிடுகிற வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். நம் வீட்டிலிருந்து போனது நம் வயலுக்கே திரும்பி வரும்.

வண்டிக்காரரிடம் இன்னொன்றும் சொன்னேன்: தண்ணீரை மட்டும் இழுத்துவிட்டுப் போகாதீர்கள். அவர் நல்ல மனிதர். முக்கால்வாசி இழுத்தபின் லாரியிலிருந்தே கொஞ்சத்தை வேகமாகத் திருப்பி அடித்து, அடிச்சேற்றைக் கலக்கி, மறுபடி இழுத்தார். மூன்று தடவை இப்படிச் செய்தார். அடியில் ஓர் அங்குலம் மட்டும் விட்டோம். அதிலிருக்கும் பாக்டீரியாதான் புதுக் கழிவுக்கு உறைமோர்.

வெளிக்குழாய் இருந்த பக்கத்து மூடியைத் தேடியதே ஒரு வேலை. 2013இல் வாசலுக்கு டைல்ஸ் போட்டபோது அதை டைலுக்கு அடியில் மூடிவிட்டார்கள். அதனால்தான் எந்த லாரி வந்தாலும் முதல் அறையில் மட்டும் குழாய் விட்டுப் போயிருக்கிறது. அப்பாவுக்குத்தான் இடம் ஞாபகமிருந்தது. கைத்தடியால் தட்டிக்கொண்டே வந்து, சத்தம் மாறிய இடத்தில் நின்று, "இங்கதான் ஒடைங்க" என்றார். நான்கு டைல்கள் போயின. மூடி கிடைத்தது.

உள்ளே பார்க்கத் தலையை விடக் கூடாது. பதினொரு மணி வெயிலில் அம்மாவின் முகக் கண்ணாடியை வைத்து வெளிச்சத்தைத் திருப்பி உள்ளே அடித்தோம். தள்ளி நின்றபடியே எல்லாம் பகல்போலத் தெரிந்தது. நடுச்சுவர் சரியாக இருந்தது. முன்னறை மூன்றில் இரண்டு பங்கு, பின்னறை ஒரு பங்கு, கொத்தனார் அந்தக் காலத்திலேயே முறையாகக் கட்டியிருக்கிறார். உள்குழாயின் டீயும் ('T' வடிவக் குழாய் இணைப்பு) நன்றாக இருந்தது. வெளிக்குழாயில்தான் கோளாறு. அங்கே இருந்த ஆஸ்பெஸ்டாஸ் டீயின் கீழ்க்கால் உடைந்து விழுந்து, சுவரில் வெறும் ஓட்டை மட்டும் நின்றது.

அந்த டீ ஒரு சின்னச் சாமான்தான். அதன் கீழ்க்கால் தண்ணீருக்குள் ஒன்றரை அடி இறங்கியிருக்கும். மேலே மிதக்கும் ஆடையையும் அடியில் கிடக்கும் சேற்றையும் விட்டுவிட்டு, நடுவிலுள்ள நீரை மட்டும் வெளியே எடுக்கும். அது இல்லாததால் இத்தனை வருஷமாக மேலாடை நேராக உறைக்குழிக்குப் போயிருக்கிறது.

பிளம்பர் தம்பி எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார். "டேங்க் காலியாத்தானேண்ணே இருக்கு. ஒரு நிமிஷம் இறங்கி மாட்டிட்டு வந்துடறேன்."

கையைப் பிடித்து நிறுத்தினேன். காலியான டேங்க்தான் மிக மோசமானது. அடியில் கிடக்கும் ஓர் அங்குலச் சேற்றில் கால் பட்டால் போதும், அதில் அடைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, சரியாகிவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் ஆள் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். செய்தித்தாளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று ஒரே டேங்கில் இறந்ததாக வருவதெல்லாம் இப்படித்தான். பாதுகாப்புச் சாதனமில்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் முப்பது லட்சமாக உயர்த்தியது. இதையெல்லாம் நான் அவரிடம் சொன்னேன். ஆனால் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். அந்தத் தம்பிக்கு வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இருக்கிறது.

"அப்ப எப்படிண்ணே மாட்றது?" என்றார். உட்கார்ந்து யோசித்தோம்.

வெளியே, குழாய் சுவரைவிட்டு வரும் இடத்தில் மண்ணைத் தோண்டினோம். உளியால் கலவையைக் கொத்திப் பழைய குழாயை வெளிப்பக்கமாகவே உருவி எடுத்தோம். நாலு அங்குல பி.வி.சி. டீ ஒன்று, ரப்பர் ரிங் வைத்தது, வாங்கி வந்தோம். அதன் கீழ்க்காலில் ஒன்றரை அடிக் குழாயைத் தரையிலேயே சொருகிவிட்டு, மேலிருந்து கயிற்றில் கட்டி இறக்கினோம். வெளியிலிருந்து புதுக் குழாயைச் சுவர் ஓட்டை வழியே உள்ளே தள்ளி டீயின் வாயில் நுழைப்பது திட்டம். முதல் தடவை குழாய் தொட்டதுமே டீ கயிற்றில் சுழன்று திரும்பிக்கொண்டது. இரண்டாம் தடவையும் அதேதான். அப்புறம் தம்பிக்கே யோசனை வந்தது. டீயை ஒரு தடித்த மூங்கிலோடு சேர்த்து இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டினார். இப்போது அது கைப்பிடி வைத்த கரண்டிபோல் ஆகிவிட்டது. நான் மேலே மூங்கிலை அணைத்துப் பிடித்துக்கொள்ள, இப்போது வேலைக்கு வந்திருந்த கொத்தனார் கண்ணாடி வெளிச்சத்தைப் பார்த்து "ஒரு விரக்கடை எடப்பக்கம்… இன்னும் கொஞ்சம் கீழ… ஆங், அப்படியே இருங்க" என்று சொல்ல, தம்பி வெளியிலிருந்து குழாயில் சோப்புத் தண்ணீர் தடவித் திருகியபடி தள்ளினார். 'ப்ளக்' என்று ரிங் விழுந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. கட்டுகளை அரிவாள் கட்டிய கழியால் அறுத்து மூங்கிலை மேலே எடுத்தோம். சுவர் ஓட்டையை வெளியிலிருந்து கலவை வைத்துப் பூசினோம். முழு வேலைக்கும் இரண்டரை மணி நேரம். இறங்கியிருந்தால் பத்து நிமிஷம் ஆகியிருக்கும், அந்தப் பத்து நிமிஷம் எங்களுக்கு வேண்டாம்.

அடுத்தது உறைக்குழி. மூன்றடி விட்டத்தில் ஐந்து சிமெண்ட் உறைகள் இறக்கியது. லாரி தண்ணீரை எடுத்த பிறகு பார்த்தால், பக்கத்து ஓட்டைகளெல்லாம் கறுத்த வழுவழுப்பான பசையால் அடைபட்டுக் கிடந்தன. டேங்கிலிருந்து தப்பிய ஆடையும் சேறும் அங்கேதான் குடியேறியிருந்தன. ஆழம் கூட்டி இன்னும் இரண்டு உறை இறக்கலாம் என்று கொத்தனார் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. மழைக்காலத்தில் நிலத்தடி நீருக்குள்ளேயே நிற்கிற குழியை இன்னும் ஆழமாக்கினால், தண்ணீரைத் தண்ணீருக்குள் ஊற்றுவதுதான். கூடவே கழிவு நேராக நிலத்தடி நீரில் கலந்துவிடும். மண் வழியாக ஊறிப் போனால்தான் கிருமி வடிபடும்.

சந்தேகத்தைத் தீர்க்க இரண்டு இடத்தில் சோதித்தோம். ஓரடி அகலக் குழி தோண்டி, இரவு முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, காலையில் மறுபடி நிரப்பி, ஓர் அங்குலம் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. மேல்மண்ணில், இரண்டடி ஆழத்தில், 34 நிமிஷம். நாலடி ஆழத்தில் வெறும் களி, ஒன்றரை மணி நேரமாகியும் அங்குலம் இறங்கவில்லை. இதைப் பார்த்ததும் கொத்தனாரே ஆழம் வேண்டாம் என்றுவிட்டார்.

ஆகவே ஆழத்தை விட்டு நீளத்துக்குப் போனோம். போரிலிருந்து எதிர்ப்பக்கமாக, எல்லைச் சுவரை ஒட்டி 25 அடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டினோம். இந்த இடம் போரிலிருந்து எழுபது அடி. அடியில் எட்டு அங்குலத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி, கழுவிப் போட்டது. கழுவாத ஜல்லியின் தூசு நாளைக்கு அதே களிமண்ணாகத்தான் போய் உட்காரும். அதன்மேல் நாலு அங்குலக் குழாய், கீழ்ப்பாதியில் அரை அங்குல ஓட்டைகளோடு, கண்ணுக்குத் தெரியாத சாய்மானத்தில். குழாய் மூழ்க இன்னும் ஜல்லி. அதற்கு மேல் மண் இறங்காமலிருக்கப் பச்சை நிழல்வலையை இரண்டாக மடித்து விரித்து, வெட்டிய மண்ணையே போட்டு, நடுவில் கொஞ்சம் மேடாக விட்டோம். மழைத் தண்ணீர் அதில் தேங்கக் கூடாது. மேலே கல்வாழை நட்டாயிற்று. தண்ணீரை நன்றாக உறிஞ்சும், வேரும் மரம்போல் முரட்டுத்தனமாகப் போகாது.

டேங்குக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒன்றரை அடிச் சதுரத்தில் சின்னத் தொட்டி கட்டி, பழைய உறைக்குழிக்குப் போகும் குழாய்க்கு ஒரு மூடியும் புது வாய்க்காலுக்கு ஒரு மூடியும் வைத்தோம். எதற்கு வேண்டுமோ அதைத் திறந்து மற்றதை அடைக்கலாம். பழைய குழி ஒரு கோடை முழுக்கக் காய்ந்து கிடந்தால் அந்தக் கறுப்புப் பசை தானாகவே மக்கும் என்பதால் இப்படி. செலவில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தொட்டிதான். மூடியைத் தூக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது. தெளிந்த சாம்பல் நிற நீர் வந்தால் டேங்க் வேலை செய்கிறது. கறுப்புத் துணுக்கு வந்தால் சேறு ஏறிவிட்டது. தண்ணீர் நகராமல் நின்றால் வாய்க்கால் வாங்கவில்லை.

காற்றுக் குழாயையும் மறக்கவில்லை. முதல் மாடி ஜன்னல் மட்டத்தோடு நின்றிருந்தது. மொட்டைமாடிக்கு மேல் ஆறரை அடி போகும்படி நீட்டி, வாயில் நைலான் கொசுவலையைக் கட்டினோம். முன்பு வலை கிழிந்துபோய், சாயங்காலத்தில் அந்தக் குழாயிலிருந்து கொசு புகைபோலக் கிளம்பும். செப்டிக் டேங்க் தண்ணீர் என்றால் க்யூலெக்ஸ் கொசுவுக்கு அவ்வளவு பிடிக்கும். மூடிகளின் இடுக்கைச் சிமெண்டால் அடைக்காமல், களிமண்ணில் ஒரு பிடி சிமெண்ட் மட்டும் சேர்த்துப் பூசச் சொன்னேன். காற்றும் கொசுவும் போகாது, திறக்க வேண்டுமானால் கடப்பாரை நுனியால் தட்டினால் உதிர்ந்துவிடும். டைல் திரும்பப் போடவில்லை. அந்த இடத்தில் இரண்டு கைப்பிடி வைத்த ஸ்லாப் இருக்கிறது.

வீட்டுக்குள் மாறியது கொஞ்சம்தான். ஃபினாயிலும் பிளீச்சிங் பவுடரும் தினமும் ஊற்றுவதை அம்மா நிறுத்தினார். பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்புமே போதுமாக இருக்கிறது. நாப்கின், ஈரத் துடைப்புத்தாள், முடி எதுவும் பேசினுக்குள் போகாது. பாக்டீரியா பொடி என்று பாக்கெட்டில் விற்பதை வாங்கிப் போடச் சொல்லி இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். சாணி கரைத்து ஊற்றச் சொன்னவர்களும் உண்டு. அதற்கெல்லாம் அவசியமே இல்லை. வேண்டிய பாக்டீரியா நம் வயிற்றிலிருந்தே தினமும் போய்ச் சேருகிறது. நாம் அதைக் கொல்லாமல் இருந்தால் போதும்.

அடுத்த ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்த பிறகு குடையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சின்னத் தொட்டியைத் திறந்தேன். தண்ணீர் குழாயின் பாதி மட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கல்வாழைப் பாத்தியில் ஈரம் மேலே வரவில்லை. கார்த்திகை நடுவில் மட்டும் ஒரு வாரம் தொட்டியில் தண்ணீர் மெதுவாக நகர்ந்தது. அப்போது பழைய உறைக்குழியின் மூடியையும் திறந்துவிட்டேன், தை பிறந்ததும் மூடினேன். கீழ் டாய்லெட்டில் குபுகுபு ஒருநாளும் வரவில்லை.

இந்த மாசியில் மறுபடி மூங்கில் விட்டுப் பார்த்தோம். முன்னறையில் ஏழு அங்குலம், பின்னறையில் இரண்டு. ஸ்விட்ச் போர்டு கதவின் உட்பக்கத்தில் அப்பா தேதியோடு எழுதி வைத்தார். மூங்கிலைக் கழுவி, துணியை எரித்துவிட்டு, கொட்டகைப் பரணில் செருகியிருக்கிறோம். அடுத்த மாசிக்குப் புது வேட்டித் துணி வேண்டும்.